இண்டக்ஷன் அடுப்புக்கு ஒரு ப்ளக், புகைக்கு ஒரு ஃபேன்: லைட் போர்டிலிருந்தே லைன் எடுக்கலாமா?

திருச்சியிலிருந்து, பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மாடியில் வாடகை வீடு. கட்டி முப்பது வருடமாவது ஆகியிருக்கும் என்கிறார். சமையலறையில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. அதில் ஒரு லைட், ஒரு ஐந்து ஆம்பியர் ப்ளக். மாமியாருக்கு வீசிங் தொந்தரவு. மிளகாய் தாளித்த நெடி ஹாலுக்கு வந்தால் ராத்திரி முழுக்க இருமல். அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்த நாட்களுக்காக 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் வாங்கியிருக்கிறார். அதன் பெரிய ப்ளக் இந்த போர்டில் நுழையாததால், கன்வெர்ட்டர் ப்ளக் மாட்டி, மிக்சிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறார். சில வாரங்களாக அந்த ப்ளக்கின் ஓரம் பழுப்பாகிவிட்டது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் அவருடைய தம்பி, "லைட் போர்டிலிருந்து லூப் போட்டால் அரை நாள் வேலைதான், நானே முடித்துத் தருகிறேன்" என்கிறார். வீட்டு ஓனர், "தாராளமா செஞ்சுக்கங்க, செலவு உங்களோடது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இவர்கள் சொந்தமாக வாங்கி வைத்த இன்வர்ட்டர் ஒன்று இருக்கிறது. லைட்டும் ஃபேனும் அதில் ஓடுகின்றன. "மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறது, அதனால் ஷாக் பயம் இல்லை. தம்பி சொல்வதுபோல் செய்துவிடலாமா? எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் கேஸ் கசிந்தாலும் வெளியே இழுத்துவிடும் அல்லவா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ஃபேனைப் பற்றியும் ப்ளக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்ஷன் அடுப்பைச் சொருகுவதை நிறுத்திவிடுங்கள். புது லைன் வரும்வரை கேஸ் அடுப்பிலேயே சமையல் நடக்கட்டும்.

பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. உள்ளே சூடேறி பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கிறது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் சுவரில் இருக்கும் சாக்கெட் ஐந்து ஆம்பியருக்காகச் செய்தது. இப்போது கடையில் அதே இடத்துக்கு ஆறு ஆம்பியர் என்று விற்கிறார்கள். பின்னைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடு சூட்டில் இறுக்கம் இழக்கும். இறுக்கம் குறைந்தால் தொடுமிடத்தில் சூடு கூடும். கூடின சூடு தகட்டை இன்னும் தளர்த்தும். இது தானாக நிற்காது. எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) இதைத் தடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒயரில் ஓடும் கரண்ட் அதன் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஒரு பின்னின் நுனியில் சேரும் சூடு அதற்குத் தெரியாது. அந்த கன்வெர்ட்டர் ப்ளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தூக்கிப்போட்டுவிடுங்கள். மிக்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றுகூட வேண்டாம். அது சொருகியிருந்த சுவர் சாக்கெட்டையும் எலக்ட்ரீஷியன் வரும்போது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபேன் வேறு, ப்ளக் வேறு

தம்பி இரண்டையும் ஒரே வேலையாகப் பார்க்கிறார். மின்சாரக் கணக்கில் இவை இரண்டும் பக்கத்தில் வைக்கவே முடியாதவை. ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சுமார் 40 வாட்டில் ஓடும். அது இழுப்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. லைட் லைனிலிருந்து அதற்குத் தாராளமாக எடுக்கலாம், எர்த் ஒயரும் சேர்த்து. இன்வர்ட்டர் லைனாக இருந்தாலும் பரவாயில்லை. கரண்ட் போன நேரத்திலும் புகை வெளியே போகும், உங்கள் மாமியாருக்கு அது நல்லதுதான்.

இண்டக்ஷன் அடுப்புக்கான ப்ளக்கை மட்டும் அந்த லைனில் தொடவே கூடாது. நம் நாட்டு வயரிங் நடைமுறையில், ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயிண்ட் அல்லது 800 வாட், இதற்கு மேல் போகக் கூடாது என்பது வெகுகாலமாக இருக்கிற கணக்கு. பவர் சர்க்யூட் என்றால் ஒரு லைனுக்கு இரண்டு சாக்கெட், அவ்வளவுதான். உங்கள் அடுப்பு ஒன்றே 800 வாட்டைப்போல் இரண்டரை மடங்கு.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்வர்ட்டர். உங்கள் லைட் போர்டுக்கு வரும் ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், இன்வர்ட்டர் வழியாக வருகிறது. கரண்ட் போன நேரத்தில் யாராவது பழக்கத்தில் அடுப்பைப் போட்டால், வீட்டுக்கு வைக்கிற சாதாரண இன்வர்ட்டரால் 2000 வாட்டைத் தாங்க முடியாது. அது போகட்டும், பொருள் சேதம். தம்பி வேலை செய்யும்போது நடக்கக்கூடியது அதைவிட மோசம். மெயினை ஆஃப் செய்துவிட்டு போர்டைத் திறப்பார். மெயின் ஆஃப் ஆனதும் இன்வர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே ஒயருக்கு அனுப்பும். இன்வர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டைத் துண்டித்த பிறகுதான் அந்த போர்டில் கைவைக்க வேண்டும். சோதிக்கும்போதும், ஃபேஸ் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்தில் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொடக் கூடாது. ரப்பர் செருப்போடு ஸ்டூல் மேல் நின்றால் ஃபேஸ் இருந்தும் அது மங்கலாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் அதுகூடக் கண்ணுக்குப் படாது.

அப்படியானால் ப்ளக்கை எப்படிப் போடுவது? மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைன். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், ஃபேஸ், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்), எர்த் என்று மூன்று. அந்த லைனுக்கென்று தனியாக ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. முடிவில் 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதே அளவு சுவிட்சும். நடுவில் ஜாயிண்ட் வேண்டாம். முறுக்கி டேப் சுற்றி வைத்த ஜாயிண்ட், கேசிங்குக்குள் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் உறைக்குள்) மறைந்து போனபின் யார் கண்ணிலும் படாது. ஃப்ரிட்ஜுக்கும் இதே லைனில் இரண்டாவது சாக்கெட் எடுத்துக்கொள்ளலாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் தேவையே போய்விடும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு மைக்ரோவேவ் அவன் வந்தால் அதற்கு இன்னொரு லைன்.

வாடகை வீடு என்பதால் சுவரை வெட்டாமல், மேலோடு பி.வி.சி. கேசிங் கேப்பிங் போட்டுக் கொண்டுவருவதே நல்லது. அடுப்புக்கு நேர் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சூட்டில் கேசிங் வளைந்துவிடும். சாக்கெட், மேடைக்கு மேலே கை எட்டும் உயரத்தில், சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் தெறிக்காத தூரத்தில் இருக்கட்டும். அடுப்பின் ஒயர் கேஸ் டியூபின்மேல் கிடக்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை

எர்த் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. முப்பது வயது வீடு என்று படித்ததுமே என் நினைவுக்கு வந்தது அதுதான்.

பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் பச்சை ஒயரே இருக்காது. அல்லது ஒயர் இருக்கும், மறுமுனை எங்கேயும் இணைந்திருக்காது. இதைவிடக் கொடுமையான ஒரு வழக்கமும் உண்டு: எர்த் இல்லாத இடத்தில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுவார்கள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக வேலை செய்யும். என்றைக்காவது நியூட்ரல் ஒயர் எங்கேயாவது விட்டுப்போனால், அந்த நிமிடமே மிக்சி, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் என எர்த் பின்னோடு சேர்ந்த எல்லா உலோக உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். ஃப்ரிட்ஜைத் திறக்கப் போகிறவர் ஈரக்கையோடு போவார்.

இதை டெஸ்ட் லேம்ப் (இரண்டு ஒயர் நீட்டிய சோதனை பல்பு) மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இந்தத் தவறான இணைப்பிலும் லேம்ப் பளிச்சென்று எரியும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பச்சை ஒயர் மெயின் போர்டின் எர்த் பட்டைக்குப் போகிறதா, அங்கிருந்து தரையில் புதைத்த எர்த் குழாய்வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஆள் கிடைத்தால் அளந்தே சொல்லிவிடுவார். எர்த் சரியாகும்வரை புது ப்ளக் வேண்டாம். இதில் நான் சமரசம் சொல்லமாட்டேன்.

எம்.சி.பி. யாரைக் காப்பாற்றுகிறது?

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. 10 ஆம்பியர் எம்.சி.பி. பத்து ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனித உடம்பின் வழியாக அதில் நூறில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகலாம், எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான் தெரியும்.

ஆளுக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் வழியாகவோ எர்த் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் வழிதவறினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் விற்கும், அவை ஆளைக் காப்பாற்றப் போதாது. ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைத் தடுக்காது என்பதால் எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால் இதனாலும் காப்பாற்ற முடியாது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்த சாக்கெட்டிலும் இது குருடாகிவிடும்: கசிந்த கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பி வந்துவிடுவதால் கணக்கில் வித்தியாசம் தெரியாது. எர்த்தை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இன்வர்ட்டர் இருக்கிற வீடு என்பதை ஆர்.சி.சி.பி. போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்வர்ட்டர் லைனின் நியூட்ரல் தனியாகப் பிரிக்கப்படாமல் மற்ற நியூட்ரலோடு கலந்திருந்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

தம்பி செய்யலாமா?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. புதிதாக ஒரு லைன் இழுப்பது அந்தக் கணக்கில் வராது. அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும், வயர்மேன், சூப்பர்வைசர் சான்றுகளையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். உங்கள் தம்பி படித்து முடித்து, அந்தச் சான்றை வாங்கும் காலம் வரும். இப்போது அவர் வென்டிலேட்டரில் ஃபேனைப் பொருத்தலாம், கேசிங் ஒட்டலாம், வருகிற வயர்மேனுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். போர்டுக்குள் இணைப்பு கொடுப்பது மட்டும் சான்று உள்ளவர் கையில் இருக்கட்டும். அவருடைய ஆர்வத்தைக் குறைத்துப் பேசவில்லை. பழைய வீட்டு வயரிங்கில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது வகுப்பில் வரைந்த படம்போல் இருக்காது.

ஓனர் சொன்ன "செலவு உங்களோடது"

இது பாதி சரி. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், வீட்டின் உள், வெளி மின் வயரிங்கும் அது சார்ந்த பராமரிப்பும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுதுபார்ப்பது வாடகைதாரர் பக்கம். ஆகவே, எர்த் இல்லை, பழைய ஒயர் நொறுங்குகிறது என்று தெரியவந்தால் அதைச் சரிசெய்து தரும்படி நீங்கள் கேட்கலாம். அது சலுகை கேட்பதல்ல. இண்டக்ஷனுக்காகப் புது ப்ளக் என்பது உங்கள் வசதிக்காகச் செய்வது; அதன் செலவு பேசித் தீர்க்க வேண்டியது.

சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். வயர்மேன் சொன்னதை அப்படியே ஓனரிடம் சொல்லுங்கள், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் அவர் வீட்டுக்கே நிலைத்து நிற்கிறவை என்பதையும் சேர்த்து. வாய்வார்த்தை அனுமதியோடு நிற்காமல், என்ன வேலை, யார் செலவு, காலி செய்யும்போது எதை எடுத்துப் போவீர்கள் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர் "சரி" என்று பதில் போட வையுங்கள். ஃபேன் உங்களுடையது, சுவரோடு சேர்ந்த லைன் அங்கேயே இருக்கும் என்பது பொதுவாக எல்லோரும் ஏற்கிற ஏற்பாடு. மின் இணைப்பில் பதிவாகியிருக்கும் மின்பளு எவ்வளவு என்றும் அவரிடம் கேட்டுவிடுங்கள். புது அடுப்போடு அது தாண்டினால், உயர்த்தித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டியது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

ஃபேனை எங்கே வைப்பது

உங்கள் சமையலறை பத்துக்கு எட்டு அடி, உயரம் பத்தடி என்று வைத்துக்கொண்டால் 800 கன அடி, அதாவது 23 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாளிப்பு நெடி தங்காமல் இருக்க, ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்று முழுவதும் 15 முதல் 20 தடவை மாற வேண்டும். மணிக்கு 450 கன மீட்டர் வரை வருகிறது. ஃபேன் பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருக்கும். 500 அளவில் பார்த்து வாங்குங்கள். விளம்பரத்தில் சொல்லும் சுற்று வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

பழைய வீடு என்பதால் ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருக்கும். கண்ணாடியைக் கழற்றி, சட்டம் அடித்து அதிலேயே ஃபேனை வைக்கலாம், சுவரை உடைக்க வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்து வென்டிலேட்டர் என்றால் இன்னும் நல்லது. ஃபேன் ஓடும்போது அதன் கீழே இருக்கும் ஜன்னலை மூடிவிடுங்கள். திறந்திருந்தால் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்பின் புகை நின்ற இடத்தில் நிற்கும். ஹால் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் காற்று ஹாலிலிருந்து சமையலறைக்குள் வரும், நெடி உங்கள் மாமியார் இருக்கும் பக்கம் போகாது. தாளிப்பதற்கு முன்பே போட்டு, அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராகப் புகை போகிறதா என்பதையும் ஒரு தடவை வெளியே நின்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் ஃபேனின் வேகம் குறையும்; துடைக்க வேண்டிவரும். அதனால் ஃபேனை நேராக ஒயரில் சேர்க்காமல் பக்கத்தில் ஒரு ஆறு ஆம்பியர் சாக்கெட் வைத்துச் சொருகுங்கள். பிடுங்கிவிட்டுத் துடைக்கலாம்.

கேஸ் கசிந்தால் ஃபேனைப் போடக் கூடாது

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. நேர்மாறாகத்தான் செய்ய வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும், மேடைக்குக் கீழே சிலிண்டர் அருகில் நிற்கும். மேலே இருக்கும் ஃபேனுக்கு அது சீக்கிரம் எட்டாது. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே தெறிக்கும் சின்னப் பொறி போதும், தீப்பிடிக்க. கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஃபேன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எரியும் அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, மாமியாரை அழைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், தம்பி உட்பட.

வேலை முடிந்ததும்

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரில் சிலவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால், மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். சுவிட்சை அணைத்தால் வலது பக்கத்தில் டெஸ்டர் எரியக் கூடாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். புது சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அவர் டெஸ்ட் லேம்ப்பை வைத்தாலும் விழ வேண்டும். லேம்ப் எரிந்துகொண்டே இருந்தால் எர்த் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் ஒயரின் அளவு, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. விவரம், ஒப்பந்ததாரரின் உரிம எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். பிறகு அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அடுப்பை அணைத்து ப்ளக்கை வெளியே எடுத்துப் பின்களைத் துணியால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடாக இருந்தால் சாக்கெட்டைத் திறந்து திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் சுட்டால் சாக்கெட்டையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.